112 பால்ரஸ் குண்டுகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி ஆகிவிட்டால் ஒரகடத்தில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஒரு கார் இருக்காது. செக்யூரிட்டி விசில் ஊத, வண்டிகள் ஒவ்வொன்றாக வெளியே போகும். காலியான சிமெண்டுத் தரையில் ஸ்கேட்டிங் மாஸ்டர் கூம்புகளை வரிசையாக வைத்துக் கை தட்டுவார். பதினைந்து இருபது பிள்ளைகள் கடகடவென்று சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் ஒரு சிறுமியின் ஸ்கேட்டில் ஒரு சக்கரம் மட்டும் கரகரவென்று சத்தம் போட்டது. முந்தின நாள் தேங்கிய தண்ணீரில் ஓட்டியிருக்கிறாள். மாஸ்டர் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய இரண்டாம் மாடிக்காரர் யூனிஃபார்மோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிப்காட்டில் அசெம்பிளி லைனில் வேலை பார்ப்பவர்.

"கொடு பாப்பா, நான் பார்க்கிறேன்."

ஊசியால் மூடியை நெம்பி எடுத்து, பேரிங்கை ஒரு கிண்ணம் மண்ணெண்ணெயில் போட்டு ஆட்டினார். செம்மண் நிறத்தில் அழுக்கு இறங்கியது. செய்தித்தாளில் வைத்துத் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். வெளி வளையம், உள் வளையம், இரண்டுக்கும் நடுவே ஏழு பால்ரஸ் குண்டுகள்.

"ஏன் அங்கிள் ஏழுதான் இருக்கு? இன்னும் இடம் இருக்கே?"

நல்ல கேள்வி. பதில் அதைவிட நன்றாக இருக்கும். அந்தக் குண்டுகளை உள்ளே போட வாசலே கிடையாது. உள் வளையத்தை ஒரு பக்கமாக ஒதுக்கினால் எதிர்ப்பக்கத்தில் பிறை வடிவத்தில் இடைவெளி கிடைக்கும். அந்தப் பிறைக்குள் எத்தனை குண்டு பிடிக்குமோ அத்தனையும் போட்டு, பிறகு வளையத்தை நடுவுக்குத் தள்ளி, குண்டுகளைச் சம தூரத்தில் பரப்பி, கூண்டு மாட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒரு குண்டுகூட வெளியே வராது. ராபர்ட் கான்ராட் என்பவர் நூறு ஆண்டுகளுக்கு முன் காப்புரிமை பெற்ற இந்த முறையில்தான் ஃபேன் மோட்டார் முதல் பைக் சக்கரம் வரை நாம் காணும் பெரும்பாலான பேரிங்குகள் கோக்கப்படுகின்றன.

ஒரு பேரிங்கில் ஏழு குண்டு, ஒரு சக்கரத்தில் இரண்டு பேரிங், இரு கால்களுக்குமாக எட்டுச் சக்கரம். ஆக மொத்தம் 112 குண்டுகள். அந்தச் சிறுமி நிற்பது அவற்றின் மேல்தான்.

112 குண்டுகளின் மேல் நின்றுகொண்டு ஒரு மனிதர் எதுவரை போக முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த அனூப் குமார் யாமா. 2010 நவம்பரில் சீனாவின் குவாங்சோ ஆசிய விளையாட்டில் ரோலர் விளையாட்டுகள் முதல்முறையாகச் சேர்க்கப்பட்டன. அங்கே ஆண்கள் தனிநபர் பிரிவில் அவருக்கு வெண்கலம். அதே போட்டியில் அவனி பஞ்சாலுடன் சேர்ந்து ஜோடிப் பிரிவிலும் வெண்கலம். ரோலர் விளையாட்டில் அந்த ஆண்டு இந்தியா வென்றது இந்த இரண்டு பதக்கங்கள்தான். இரண்டிலும் அவர் பெயர் இருந்தது. 2015இல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது.

தொலைக்காட்சியில் பனித்தரை மீது சுழன்று தாவி ஆடுவார்களே, அதேதான் அவர் ஆடும் ஆட்டம். கத்திக்குப் பதில் சக்கரம். ஸ்கேட்டிங் வட்டாரத்தில் 'ஆர்டிஸ்டிக்' என்பார்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நான்கு சக்கரம் கொண்ட ஷூவுக்குக் 'குவாட்' என்று பெயர். சக்கரத்தில் ஆடுவது பனியில் ஆட வசதியில்லாதவர்களின் மாற்று ஏற்பாடு என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. சில இடங்களில் சக்கரத்தின் பாடு பனியைவிடக் கடினம். எப்படி என்று பார்க்கலாம்.

பனி ஏன் வழுக்குகிறது என்பது இன்றும் ஆய்வாளர்கள் விவாதிக்கும் கேள்வி. பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீர் போன்ற மெல்லிய படலம் எப்போதும் இருக்கிறது என்ற எண்ணத்தை 1850இலேயே மைக்கேல் ஃபாரடே முன்வைத்தார். கத்தி உரசும் சூடும் அந்தப் படலத்துக்குத் துணை செய்கிறது. சக்கரத்துக்கு இந்த வழுக்கலே தேவையில்லை. அது உருள்கிறது, உரசலை உள்ளே இருக்கும் பால்ரஸ் பார்த்துக்கொள்கிறது.

ஆனால் ஆழத்தில் இரண்டும் ஒன்றே. கத்தி நீளவாக்கில் தடையில்லாமல் ஓடும். பக்கவாட்டில் தள்ளினால் அதன் விளிம்பு பனியைக் கடித்து நிற்கும். சக்கரமும் அப்படித்தான், முன்னும் பின்னும் உருளும், பக்கவாட்டில் தரையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு திசையில் ஓட்டம், குறுக்குத் திசையில் பிடி. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் கிடைப்பதால்தான் மனிதன் தரையை உதைத்து வேகம் எடுக்கவும் வளையவும் முடிகிறது. வெறும் வழுக்கல் மட்டும் இருந்தால் எண்ணெய் கொட்டிய தரையில் நிற்பதுபோல் இருந்த இடத்திலேயே விழுவோம்.

தொடக்கக் காலத்து ரோலர் ஸ்கேட்டுகளில் ஓட்டம் இருந்தது, வளைய வழி இல்லை. 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் ஜோசஃப் மெர்லின் என்பவர் வயலின் வாசித்தபடி சக்கரக் காலோடு ஒரு விருந்துக்குள் நுழைந்து, திரும்பவும் நிற்கவும் முடியாமல் பெரிய கண்ணாடியில் மோதி உடைத்ததாகச் சொல்வார்கள். தீர்வு கிடைக்க நூறாண்டு ஆனது. 1863இல் நியூயார்க்கின் ஜேம்ஸ் பிளிம்ப்டன், சக்கர அச்சுக்கும் அடித்தட்டுக்கும் நடுவே ஒரு ரப்பர்த் துண்டை வைத்தார். ஆட்டக்காரர் இடப்பக்கம் சாய்ந்தால் ரப்பர் நசுங்கும். முன் அச்சு ஒரு பக்கமும் பின் அச்சு எதிர்ப்பக்கமும் லேசாகத் திரும்பும். ஸ்கேட் தானாக வளையும். நம் சிப்காட் சாலையில் ஓடும் கார்களில் பொதுவாக முன்சக்கரம் மட்டும்தான் திரும்புகிறது, அதற்கும் ஒரு ஸ்டியரிங் வேண்டியிருக்கிறது. பிளிம்ப்டனின் ஸ்கேட்டில் உடலின் சாய்வே ஸ்டியரிங். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் சைக்கிளுக்கும் ஸ்கேட்டுக்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பால் பேரிங் வந்து சேர்ந்தது.

ஒரு சின்னக் கணக்கு. ஆர்டிஸ்டிக் சக்கரத்தின் விட்டம் 57 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் சுற்றளவு சுமார் 18 சென்டிமீட்டர். நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் போகும் ஆட்டக்காரரின் காலடியில் சக்கரம் நிமிடத்துக்கு 2,000 முறை சுற்றும். நெடுஞ்சாலையில் நிதானமாகப் போகும் காரின் எஞ்சினும் கிட்டத்தட்ட அந்த வேகத்தில்தான் சுற்றுகிறது.

இனி தாவல். ஆட்டக்காரர் தரையைவிட்டு 40 சென்டிமீட்டர் எழும்பினால் காற்றில் இருக்கும் நேரம் 0.57 நொடி. அதற்குள் இரண்டு சுற்று முடிக்க வேண்டுமானால் நொடிக்கு மூன்றரை சுற்று வேகம் வேண்டும். மூன்று சுற்றென்றால் ஐந்தேகால். இன்னும் கொஞ்சம் உயரம் எழும்பினால் நேரம் கிடைக்காதா என்று கேட்கத் தோன்றும். 5 சென்டிமீட்டர் கூடுதலாக எழும்பினால் கிடைப்பது நொடியில் நூறில் நான்கு பங்குகூட இல்லை. நேரத்தை இரட்டிப்பாக்க உயரம் நான்கு மடங்காக வேண்டும்; மனிதக் கால்களால் அது ஆகாது. எனவே வழி ஒன்றே ஒன்று, வேகமாகச் சுழல்வது.

காற்றில் இருக்கும்போது பிடித்துத் தள்ள எதுவும் கிடையாது. தரையிலிருந்து கிளம்பும் நொடியில் என்ன சுழற்சியை எடுத்துக்கொண்டாரோ அதுதான் கையிருப்பு. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. இதைக் கோண உந்தம் என்கிறது இயற்பியல். ஆனால் அந்தக் கையிருப்பை வேகமாக மாற்றிக்கொள்ளலாம். விரித்த கைகளை மார்போடு அணைத்துக் கால்களைப் பின்னிக்கொண்டால் உடம்பின் எடை அச்சுக்கு அருகே வந்துவிடும். வேகம் தானாக ஏறும். இதில் தூரம் இருமடியாகக் கணக்கில் வருகிறது. அச்சிலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளியிருந்த கையை 15 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால், சுழற்சிக்கு அந்தக் கை கொடுக்கும் தடை ஏறக்குறைய 22இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். தரையைத் தொடும் முன் கைகளை விரித்தாக வேண்டும், இல்லாவிட்டால் சுழற்சி நிற்காமல் ஆளைச் சுருட்டிப் போட்டுவிடும். அணைப்பதும் விரிப்பதும் அந்த 0.57 நொடிக்குள்ளேயே நடந்து முடிய வேண்டும். பத்தில் ஒரு நொடி தாமதித்தால் இறங்குவது காலில் அல்ல, இடுப்பில்.

இதுவரை சொன்னது பனிக்கும் சக்கரத்துக்கும் பொது. தரையில் நின்றபடி சுழலும்போதுதான் சக்கரத்தின் தனிப்பாடு தொடங்குகிறது. பனியில் கத்தியின் முன்பகுதியில் ஒரு சிறு இடத்தை ஊன்றிப் பம்பரம்போல் சுற்றலாம். நான்கு சக்கரமும் தரையில் இருக்க ஒரே புள்ளியில் எப்படிச் சுற்றுவது? சக்கரம்தான் பக்கவாட்டில் நகர மறுக்கிறதே! அதனால் ஆட்டக்காரர் அடித்தட்டைச் சரியான கோணத்தில் அழுத்திச் சாய்த்து, நான்கு சக்கரங்களையும் மிகச் சிறிய வட்டத்தில் உருள வைக்கிறார். சில சுழற்சிகளில் பாதத்தையே ஒரு பக்கமாக மடித்து, ஒரு பக்கத்து இரண்டு சக்கரங்களின் விளிம்பில் நிற்பார்கள். அதற்கு 'ப்ரோக்கன் ஆங்கிள்' என்று பெயர், அதாவது உடைந்த கணுக்கால். பனிக்கத்தியில் இதைச் செய்யவே முடியாது, சக்கரக்காரர்களுக்கு மட்டுமே உரியது.

ஆகவே சக்கரம் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்பது பெரிய விஷயம். மெத்தென்ற சக்கரம் தரையைக் கவ்வும், உதைத்துக் கிளம்ப வசதி, ஆனால் சுழலும்போது இழுக்கும். கடினமான சக்கரம் நன்றாகச் சுழலும், தூசி பட்ட தரையில் வழுக்கிவிடும். பாலியூரித்தேன் சக்கரத்தின் கடினத்தை அளப்பது டியூரோமீட்டர், சிறு முனையை அழுத்தி எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்க்கும் கருவி. ஒரகடம் வட்டாரத்தில் டயர், ரப்பர் சீல், புஷ் செய்யும் இடங்களில் வேலை பார்க்கும் யாருக்கும் அது தெரிந்திருக்கும். வெளித்தரைக்கான ஸ்கேட் சக்கரத்தில் 78ஏ என்று எழுதியிருப்பதும் உள்ளரங்கச் சக்கரத்தில் 95ஏ, அதற்கு மேலும் எழுதியிருப்பதும் அந்த அளவுதான். எண் கூடக் கூடச் சக்கரம் கடினம்.

தனியாக ஆடுபவருக்கு அச்சு தன் உடம்புக்குள் இருக்கிறது. முதுகுத்தண்டு, இடுப்பு, ஊன்றிய பாதம் என்று பல ஆண்டுகள் பழகி அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்கிறார். ஜோடி ஆட்டத்துக்குப் போனவுடன் அந்தக் கோடு அவர் உடம்பைவிட்டு வெளியேறிவிடுகிறது. 70 கிலோ ஆணும் 45 கிலோ பெண்ணும் கைகோத்து, இருவரின் எடைமையங்களுக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி விட்டுச் சுழல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அச்சு நடுவில் இருக்காது. ஆணிடமிருந்து 39 சென்டிமீட்டரில், வெறும் காற்றில் இருக்கும். இருவருமே தங்களுக்கு வெளியே உள்ள அந்தப் புள்ளியைச் சுற்ற வேண்டும். யாராவது ஒருவர் பழைய பழக்கத்தில் தன் அச்சுக்குத் திரும்பினால் போதும், ஜோடி சிதறிவிடும்.

பிடியைக் கணக்கிட்டால் இன்னும் மலைப்பாக இருக்கிறது. ஆண் நடுவில் ஊன்றி நிற்க, பெண் ஒரு மீட்டர் தள்ளி ஒன்றரை நொடிக்கு ஒரு சுற்று வீதம் அவரைச் சுற்றி வருகிறார். பார்க்க மெதுவாகத்தான் தெரியும். ஆனால் அவரைப் பிடித்திருக்கும் கையில் விழும் இழுவை ஏறக்குறைய 80 கிலோ எடைக்குச் சமம். ஒரு நொடிக்கு ஒரு சுற்று என்று வேகம் கூடினால் அது 180 கிலோவைத் தாண்டும்.

தூக்கிப் பிடிக்கும்போது வேறு சிக்கல். தரையில் நிற்கும் மனிதரின் எடைமையம் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில், தொப்புளை ஒட்டி இருக்கும். துணையைத் தலைக்கு மேல் தூக்கியதும் இருவருக்குமான மையம் அவர் மார்பைத் தாண்டி மேலே, ஒன்றரை மீட்டருக்குப் போய்விடுகிறது. அடியில் இருப்பதோ எட்டுச் சின்னச் சக்கரங்கள். ஒவ்வொன்றும் தரையைத் தொடும் இடம் கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். அந்த நிலையிலேயே அவர் சுழன்றுகொண்டு முன்னேறவும் வேண்டும். மேலே இருப்பவர் காலை நீட்டினால் சுழற்சி குறையும், மடக்கினால் ஏறும். கீழே இருப்பவர் அதை உள்ளங்கையிலேயே உணர்ந்து பாதத்தால் ஈடுகட்ட வேண்டும்.

ஒரே போட்டியில் ஒரே ஆள் தனி ஆட்டத்திலும் ஜோடி ஆட்டத்திலும் பதக்கம் வாங்குவது எனக்கு அதிசயமாகப் படுவது இதனால்தான். ஒன்றில் அச்சைத் தனக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றில் அதை இன்னொருவருடன் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒரே போட்டிக்குள் உடம்பு இந்த இரண்டு இலக்கணத்துக்கும் மாற வேண்டும். அனூப் குமார் யாமா அதைச் செய்து காட்டினார். நம் நாட்டில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

தெரியாமல் போனதற்கு விளையாட்டுக் காலண்டரும் ஒரு காரணம். குவாங்சோவுக்கு அடுத்து 2014 இன்சியோன் ஆசிய விளையாட்டில் ரோலர் போட்டிகளே இல்லை. 2018 ஜகார்த்தாவில் வேகப் பந்தயமும் ஸ்கேட்போர்டும் வந்தன, ஆர்டிஸ்டிக் வரவில்லை. 2023இல் நடந்த ஹாங்சோ விளையாட்டில்தான் ஆர்டிஸ்டிக் தனிநபர் பிரிவு திரும்பியது. நடுவில் 13 ஆண்டுகள். முழங்காலும் கணுக்காலும் ஒத்துழைக்கும் வயது ஓர் ஆட்டக்காரருக்கு அதைவிட நீளமாக இருப்பது அபூர்வம். ஒலிம்பிக்கில் ஆர்டிஸ்டிக் ரோலருக்கு இடம் கிடைத்ததே இல்லை.

பனியில் ஆடும் இந்தியர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பிறந்து இந்தியாவுக்காக ஆடும் தாரா பிரசாத் 2025 பிப்ரவரியில் ஹார்பின் ஆசியக் குளிர்கால விளையாட்டில் எட்டாம் இடம் பிடித்தார். ஆனால் பனித்தரையைக் குளிர்ந்த நிலையில் வைத்திருக்க ஆண்டு முழுக்க இயந்திரம் ஓட வேண்டும். சித்திரை வெயிலில் தார் இளகும் நம் வட்டாரத்தில் அதற்கு ஆகும் மின்சாரத்தை நினைத்தால் சக்கரமே நமக்கு இயல்பான வழி. சென்னைப் பிள்ளைகள் அதை ஏற்கெனவே காட்டிவிட்டார்கள். ஹாங்சோவில் வேகப்பிரிவு ரிலேயில் வெண்கலம் வென்ற அணிகளில் ஆனந்த்குமார் வேல்குமாரும் ஆரத்தி கஸ்தூரிராஜும் இருந்தார்கள். 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலகப் போட்டியின் 1,000 மீட்டர் ஸ்பிரிண்டில் ஆனந்த்குமார் தங்கமே வென்றார்.

வேகப் பந்தயத்துக்குத் தார்ச்சாலையில்கூடப் பயிற்சி எடுக்கலாம். ஆர்டிஸ்டிக் அப்படி அல்ல. சின்னக் கல் ஒன்று போதும், தாவி இறங்கும் கணுக்காலை முறித்துவிடும். பள்ளமேடு இல்லாத, தூசி ஒட்டாத, மழை படாத தரை வேண்டும். முழு அளவு ஆடுகளம் 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம்.

அன்று பேரிங்கைத் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, சக்கரத்தில் மாட்டி விரலால் சுண்டிவிட்டார் இரண்டாம் மாடிக்காரர். சத்தமே இல்லாமல் சுற்றியது. பிள்ளை ஸ்கேட்டை மாட்டிக்கொண்டு ஓடியதும், விரிசல் விட்ட அந்தச் சிமெண்டுத் தரையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க கம்பெனி எபாக்ஸித் தரை கண்ணாடி மாதிரி இருக்கும் சார். அதுல விட்டா இந்தப் புள்ளைங்க பறக்கும்."

அவர் சொன்னதிலிருந்துதான் இந்தக் கட்டுரை எழுத வேண்டும் என்று தோன்றியது. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை கார், லாரி, பைக், டயர், செல்போன் என்று எத்தனையோ தொழிற்சாலைகள். அவற்றுக்குள்ளே ஆடுகளத்துக்கு வேண்டிய தரையை ஒவ்வொரு நாளும் போடுகிறவர்களும் பராமரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் இயங்கும் நிறுவனங்கள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் விளையாட்டுப் பயிற்சியும் இருக்கிறது. ஒரு பழைய கோடவுன், ஒரு கூரை, அதன் கீழ் 1,250 சதுர மீட்டர் எபாக்ஸித் தரை. இந்த வட்டாரத்து நிறுவனங்களில் ஏதேனும் ஒன்று முன்வந்து அதை அமைத்துத் தர வேண்டும். கீழ்த்தளத்தில் கார் நிறுத்தும் இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இன்னும் பத்து வயதுகூட ஆகவில்லை. இப்போது தொடங்கினால் நேரம் இருக்கிறது.